வெளிப்பக்கம் இல்லாத சுவர்

அவர் கதவைத் தட்டமாட்டார், சுவரைத் தட்டுவார். பலாப்பழம் வாங்க வந்தவர் மாதிரி விரலை மடக்கி இரண்டு தட்டு, காதை வைத்து ஒரு நிதானம், மறுபடி ஒரு தட்டு. உள்ளே எங்கள் காபி ஆறிக்கொண்டிருக்கும். கைக்குழந்தையாக இருந்த பாப்பா, சுவர் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கும். "வீட்டுக்காரர் வந்துட்டாரு, போய்ப் பாருங்க" என்பாள் என் மனைவி.

எங்கள் மொழிக்கு ஒரு குறும்பு உண்டு. தாலி கட்டியவனும் வீட்டுக்காரர், சாவி கொடுத்தவரும் வீட்டுக்காரர். ஏற்காட்டில் குடியிருந்த காலத்தில் இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கு வருகிறேன். முதலில் ஆளைப் பார்த்துவிடுங்கள்.

காபிக்கொட்டை நிறத்தில் குரங்குக் குல்லாய். வேட்டிக்கு மேல் முழுக்கை ஸ்வெட்டர். சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டித் தொங்கவிட்ட குடை. பனிக்குள்ளிருந்து நடந்து வரும்போது முதுகில் வால் முளைத்த மனிதர். வயது அறுபதுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ. பக்கம் என்ற சொல் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நான் என்ன செய்ய?

ஒண்டிக்கடை முக்கிலிருந்து பத்து நிமிட நடை. சாலையோரத்தில் அவர் வீடு. அதற்கு மேலே, சரிவை வெட்டித் தட்டையாக்கிய இடத்தில் நாங்கள் குடிவந்த ஓட்டு வீடு. தோட்டக்கலை அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. செல்போன் இன்னும் மலையேறி வராத காலம். பங்குனி வெயிலில் நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு சுவரும் பொரித்த அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. மலையில் வீடு பார்க்கிறவன் மழையில் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சாவியைக் கொடுக்குமுன் அவர் சட்டம் சொன்னார்.

"ஏனுங்க சார், பேச்சு முன்னாலயே சுத்தமா இருந்துபோட்டா பின்னால சங்கட்டமில்ல பாருங்க. செவுத்துக்கு வெளிப்பக்கம் என்னுதுங்க. உள்பக்கம் உங்களுதுங்க. ஓடு என்னுது, ஒட்டடை உங்களுது. ஜன்னல் கம்பி என்னுது, கொக்கி உங்களுது."

"கொக்கியும் ஜன்னல்லதானுங்க இருக்குது?" என்றாள் என் மனைவி. சங்ககிரிக்காரி. ஒரு வாக்கியம் அவளைத் தாண்டிப் போகவேண்டுமென்றால் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

"கொக்கி உள்பக்கமா இருக்குதுங்களே அம்மணி" என்றார் அவர், பரம மரியாதையாக.

அந்த மரியாதைதான் ஆளைச் சாய்த்துவிடும். இல்லை என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. எதையும் மறுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளியைக் கண்டுபிடித்து, அந்த ஆளின் கையில் பூப்போல வைத்துவிட்டுப் போவார். பெரும்பாலும் அந்த ஆள் நானாக இருப்பேன்.

ஒரு காலை ஜன்னல் வழியாகக் குரங்கு ஒன்று இறங்கி, தோசைமாவுக் குண்டானுக்குள் முழங்கை வரை கையைவிட்டு, மாவுக் கையோடு என் அலுவலகச் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. ஜன்னல் கம்பி ஒன்று வளைந்திருந்தது. கம்பி அவருடையதாயிற்றே என்று போய்ச் சொன்னேன். வந்து பார்த்தார். கம்பியைத் தடவினார். வெகுநேரம் யோசித்தார்.

"கம்பிய நிமித்திடறேனுங்க சார். ஆனா குரங்கு விசயம் வேறைங்க. வெளிய உக்காந்திருக்கற வரைக்கும் அது என்ற குரங்கு. உள்ள வந்துபோட்டா உங்க குரங்குங்க."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பேரிக்காய் மரம் நின்றது. மேற்குக் கிளையில் காய்ப்பது எங்களுக்கு, கிழக்குக் கிளையில் காய்ப்பது அவருக்கு. உச்சிக்கிளை? "அது குருவிக்குங்க." இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உச்சிக்கிளைப் பேரிக்காயை அவரும் தொட்டதில்லை, என்னையும் தொடவிட்டதில்லை. தன் பாகத்தை விட்டுக்கொடுக்காத ஆள் அடுத்தவர் பாகத்தையும் திருடமாட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒண்டிக்கடை டீக்கடையில் ஒருநாள் தெரிந்துகொண்டேன். ஆள் முப்பது வருடம் சேலம் - ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராம். "இருபது கொண்டை ஊசி வளைவுலயும் படியிலயே நிப்பாருங்க" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "படி என்னுது, உள்ள உங்களுது, உள்ள போங்க, உள்ள போங்கம்பாரு. உள்ள ஈ நுழைய எடமிருக்காது. ரிட்டயர் ஆகியும் இன்னும் படிய உட்டு எறங்கல மனுசன்."

ஆனி மாதம் மழை இறங்கியது. மலையில் மழை பெய்கிறது என்று சொல்வது சும்மா ஒரு வழக்கம். உண்மையில் மேகம் வந்து வீட்டுக்குள் கால்நீட்டிப் படுத்துக்கொள்கிறது. நான்காம் நாள் படுக்கையறையின் பின்சுவரில் யாரோ விபூதியை ஊதியது போல ஒரு வெண்மை. பத்தாம் நாள் அது பச்சை. இருபதாம் நாள் கறுப்பு. என் தோல் செருப்பு முயல்குட்டி போல ரோமம் வளர்த்தது. மனைவியின் முகூர்த்தப் புடவையில் நெய்யாத புட்டா ஒன்று விழுந்தது. தலையணை, தீப்பெட்டி, நான் எழுதி வைத்திருந்த கவிதை நோட்டு எல்லாம் ஒரே வாசனை, ஈரச்சாக்கில் கட்டிவைத்த பூனையின் வாசனை. என் கவிதைகளில் உயிருள்ளதாக ஏதோ வளர்ந்தது அந்த ஒரு மழைக்காலத்தில்தான்.

சுவரைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். பூசணம் என்ற சொல் அவர் வாயில் வராது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மலர்க்கண்காட்சிக்கு வந்த மந்திரி போல நின்று பார்த்தார்.

"பூத்திருக்குதுங்க."

"காபியா பூத்திருக்குது? செவுருங்க" என்றாள் என் மனைவி.

"அம்மணி கோவிக்கக் கூடாது. இதுக்குக் காரணம் மூச்சுங்க."

"யாரு மூச்சு?"

"மூணு பேரு இருக்கறீங்க. கதவு ஜன்னலைச் சாத்திப்போட்டு ராவும் பகலும் மூச்சு உடறீங்க. அது எங்கீங்க போவும்? செவுத்துல போய் உக்காந்துக்குது. முன்னால ஒருத்தரு தனி ஆளா இருந்தாருங்க. இத்தனை பூக்கல. ஒரு மூச்சுக்கு ஒரு மூச்சளவுதான் பூத்துது."

"அப்ப நாங்க என்ன பண்றதுங்க?"

"கொஞ்சம் கொறைச்சுக்கோங்க" என்றார்.

சொன்னவர் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிரிக்கலாமா, சிரித்தால் அதுவும் கணக்கில் சேருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவர் சொன்னதில் பாதி நிஜம் என்பதைச் சொல்லாவிட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே மாட்டோம். பாப்பாவின் துணிகளை அந்த அறையிலேயே கொடிகட்டி உலர்த்தினோம். கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தோம். உள்பக்கம் எங்களுடையது என்றால் எங்கள் கடனைச் செய்துவிடுவோம் என்று என் மனைவி புடவையைச் செருகிக்கொண்டாள். ஜன்னல் திறந்தது. கொடி அடுப்படிக்குப் போனது. கட்டில் ஒரு முழம் நகர்ந்தது. நாங்கள் ஒரு வாரம் முன்கூடத்துக்குக் குடிபெயர்ந்தோம். எஸ்டேட்டில் காபிச்செடி இலைநோய்க்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை ஒரு வாளி வாங்கிவந்து நான் சுவருக்கு அடித்தேன். செடிக்குக் கேட்கிற மருந்து செவுத்துக்குக் கேட்காதா என்கிற ஏற்காட்டு அறிவு. சுவர் நீலமாகிவிட்டது. நல்ல வான்நீலம். இரண்டே வாரத்தில் அந்த வானத்தில் வெண்மேகங்கள் கூடின. பிறகு கருமேகங்கள்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. பாப்பாவுக்கு இளைப்பு வந்தது. பால் குடிக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில். விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"குழந்தை படுக்கற ரூம்ல பூஞ்சணம் இருக்குதா?"

"செவுரு பூராவும் இருக்குதுங்க டாக்டர்."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாமங்களா?" என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாங்க நொம்ப மூச்சு உடறமாம். கொறைச்சுக்கச் சொல்றாருங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க."

"ஐயோ, நான் இல்லைங்க டாக்டர். அது வேற வீட்டுக்காரர்."

"வேற வீட்டுக்காரரா?" டாக்டர் இப்போது என் மனைவியைப் பார்த்தார்.

மருந்தை வாங்கிக்கொண்டு அவள் பாப்பாவோடு சங்ககிரிக்குத் தாய்வீடு போனாள். கீழே போன ஐந்தாம் நாளே விசில் நின்றுவிட்டது என்று கடிதம் வந்தது. மழையும் பனியும் முடிந்து, மாசியில்தான் திரும்பி வந்தாள். பெட்டியைக் கீழே வைக்குமுன்னே சொன்னாள்: "அடுத்த மழைக்குள்ள அந்தச் செவுரு காயோணும். இல்லாட்டி நான் பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிருவேன். இந்தத் தடவ திரும்பி வரமாட்டேன். நீங்க இங்க ஒத்தையா ஒரு மூச்சு உட்டுட்டு இருங்க."

விளையாட்டுப் பேச்சு மாதிரிதான் இருந்தது. அவள் கண் விளையாடவில்லை. ஏழு மாதம் தனியாகச் சமைத்துத் தின்று, பாப்பா குப்புற விழுந்ததையும் முதல் பல் முளைத்ததையும் கார்டில் படித்தவனுக்கு அது புரியும்.

மறுநாள் அவளே அவரைக் கூட்டிவந்து நிறுத்தினாள். "உள்பக்கம் நாங்க செய்யறதையெல்லாம் செஞ்சு பாத்துட்டமுங்க. தண்ணி வெளிப்பக்கத்துலருந்து வருது. வெளிப்பக்கம் உங்களுது. பாருங்க."

"பாத்துடலாமுங்க" என்று குடையைச் சரிசெய்துகொண்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். குடிவந்த பிறகு ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திராத நாங்களும் போனோம்.

பின்னால் எதுவும் இல்லை. பின்பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே? சரிவை வெட்டி, வெட்டிய மண்ணோடு சேர்த்தே சுவரை எழுப்பியிருந்தார்கள். ஓட்டுச் சரிவு முடிகிற இடத்தில் மலை தொடங்கியது. சுவரின் மறுபக்கம் முழுக்க மண், வேர், பாறை, நீர். அதாவது மலையின் தோளில் சாய்ந்துகொண்டு நாங்கள் தூங்கியிருக்கிறோம்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. இப்படி ஒரு பிரகாசமான நிரபராதியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"அம்மணி, இந்தச் செவுத்துக்கு வெளிப்பக்கமே இல்லைங்க! அந்தப் பக்கம் மலைங்க. இதுக்கு மலைதானுங்க பொறுப்பு. மலைகிட்டதான் கேக்கோணும்."

"சரிங்க" என்றாள் என் மனைவி. "கேட்டுடலாம்."

"மலைகிட்டங்களா?"

"மலைக்குச் சொந்தக்காரர் மேல குகையில இருக்கறாருங்களே. சேர்வராயர் சாமி முன்னால நின்னு, பாப்பாவோட இளைப்புக்கு உன்ற மலைதான் பொறுப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் வாயத் தொறக்காம பெட்டியக் கட்டிக்கறேன்."

அவர் சேர்வராயரைக் கும்பிடாமல் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கழித்தவரில்லை. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாயும் வராது. குல்லாய்க்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டார். "வர்றனுங்க" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனோம். குகைக் கோயில். ஆண்டவன் முன்னால் யாரானாலும் முதுகை வளைத்துத்தான் நுழையவேண்டும். உள்ளே இருட்டு, கற்பூரம், குளிர்ந்த பாறையின் மூச்சு. பூசாரி தீபத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்றாள்.

அவர் குல்லாயைக் கழற்றினார். கண்ணை மூடினார். "மலைதான்..." என்று தொடங்கினார். அப்போது மேலே பாறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர், பஸ் விசில் மாதிரி சரியான நேரத்துக்கு, அவருடைய வழுக்கையில் விழுந்தது.

கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார். இன்னொரு சொட்டு.

"பாத்தீங்களா அம்மணி!" குகை அதிர்ந்தது. "சாமி ஊட்டுலயே ஒழுகுதுங்க! சாமியே சும்மா இருக்குதுங்க! சாமி யாருகிட்டீங்க போய்ச் சொல்லுச்சு?"

நாங்கள் தோற்றோம் என்றுதான் நினைத்தேன். இதற்கு மேல் ஒரு வாதம் உலகத்தில் இல்லை. என் மனைவி அவசரப்படவில்லை. ஒரு கையால் பாப்பாவின் தலையைப் புடவைத் தலைப்பால் மூடினாள்.

"சாமிக்கு இது சொந்த ஊடுங்க. ஒழுகுனா அவரு பாடு. இதுல ஒரு கைக்கொழந்தக்காரிய வாடகைக்கு வெச்சிருந்தாருன்னா சும்மா இருப்பாருங்களா?"

பூசாரியின் கையில் தட்டு ஆடியது. கோயிலுக்குள் சிரிக்கக்கூடாது என்பதால் அவர் இருமினார். இருமலோடு இருமலாக, "அம்மணி கேக்கறது நாயந்தானுங்களே" என்றார்.

பாப்பாவும் இருமியது. அது சிரிப்பு இல்லை.

வீட்டுக்காரர் பாப்பாவைப் பார்த்தார். சேர்வராயரைப் பார்த்தார். மிச்ச வார்த்தை அவர் வாயிலேயே இருந்தது. தட்டிலிருந்த விபூதியை எடுத்துப் பாப்பாவின் நெற்றியில் பூசினார். குனிந்தபடியே வெளியே போனார்.

மறுநாள் காலை சுவர் தட்டப்பட்டது. வழக்கமான தட்டு இல்லை. கனமாக, அடிவயிற்றிலிருந்து, சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து. போய்ப் பார்த்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கடப்பாரையோடு மலையில் நிற்கிறார். கொட்டச்சேடு கிராமத்திலிருந்து ஓர் ஆள் கூடை சுமக்க வந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மலையக் கொஞ்சம் நவுத்தறேனுங்க சார்."

மூன்று வாரம் நகர்த்தினார். இலவம் வேர், சிலந்தி, உருண்டைக்கல், ஒரு பாம்புச் சட்டை, எல்லாம் வெளியே வந்தன. ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலத்துக்கு ஒரு சந்து. மலைப்பக்கம் சரியாதபடி கருங்கல் அடுக்கினார். கீழே கல் பாவி, கசிகிற நீர் ஓடிப்போக வாட்டம் வைத்தார். முதன்முதலாக வெளிச்சம் கண்ட சுவரின் முதுகு, குளத்திலிருந்து எழுந்த எருமைபோலக் கன்னங்கரேலென்று பளபளத்தது. அதைக் காயவிட்டு, சுரண்டி, சிமெண்ட் பூசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மண்வெட்டியைத் தொட்டேன்.

"இது வெளிப்பக்கமுங்க சார். உள்ள போங்க, உள்ள போங்க."

இப்படியாக ஒரு மனிதர், தனக்குச் சேரவேண்டிய பொறுப்பு இருக்க இடமில்லாமல் போனதால், மலையைத் தோண்டி அதற்கு ஓர் இடம் செய்துகொண்டார்.

அந்த ஆனியில் மேகம் வழக்கம்போல வந்து படுத்தது. சுவர் காய்ந்தே இருந்தது. மூலையில் உள்ளங்கையளவு மட்டும் பூத்தது. அது எங்கள் பங்கு, என் மனைவி துடைத்தாள். பெட்டி பரணில் ஏறியது. பாப்பா ஓடியது, விழுந்தது, கத்தியது, ஒருநாளும் விசிலடிக்கவில்லை.

ஆனால் மழை நாட்களில் காலைநேரம் அந்தச் சந்துக்குள் ஏதோ உரசிக்கொண்டு போகும். கேட்டால், ஓடை அடைத்துக்கொண்டதா என்று பார்க்கிறேன் என்பார் வீட்டுக்காரர். ஓடை பார்க்கிறவர் எதற்காகப் பாப்பாவின் கட்டிலுக்கு நேராக வந்ததும் நிற்கவேண்டும்? ஒருநாள் பரண்மேல் ஏறி ஓட்டு இடுக்கு வழியாக என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"செவுத்துல காது வெச்சுக் கேக்கறாருங்க. பாப்பா மூச்ச."

அத்தோடு விட்டிருக்கலாம். சங்ககிரிக்காரி விடுவாளா? மறுநாள் உரசல் நின்ற இடம் பார்த்து, சுவரில் வாயை வைத்து, பாப்பாவின் பழைய இளைப்பை அப்படியே இழுத்தாள். ஒரு நீள விசில். ஒரு இழுப்பு. மறுபடி விசில்.

அந்தப் பக்கம் மண்வெட்டி விழுந்தது. "ஐயோ கண்ணு! சாமி!" என்று ஒரு அலறல். சந்தில் ஒருக்களித்துத்தான் ஓடமுடியும், ஒருக்களித்தே ஓடிவந்தார். குல்லாய் எங்கேயோ போயிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, சேற்றுக்காலோடு, முதன்முறையாக எந்தத் தட்டலும் இல்லாமல் உள்ளே வந்தார்.

தரையில் பாப்பா சப்பாத்தி மாவு உருண்டையைத் தின்றுகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் பாதியை நீட்டியது.

என் மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "சும்மா வெளையாட்டுக்குங்க..." என்றாள். குரல் இறங்கிவிட்டது. செய்திருக்கக்கூடாது என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பாப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து கதவின் அடியைத் தடவினார்.

"இங்க இடுக்கு இருக்குதுங்க. குளுந்த காத்து நேரா கொழந்த மேல வருது."

"கதவு யாரு பக்கமுங்க?" என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிக்கொண்டேன்.

"யாருதாவோ இருந்துட்டுப் போவுது" என்றார் அவர், நான் கேட்டுவிட்டது போல. "நான் பாத்துக்கறேனுங்க."

எழுந்து, சேற்றுத்தடத்தின் மேலேயே கால்வைத்து, மழைக்குள் இறங்கிப் போனார்.

அந்த இடுக்கை அடைக்க, நாங்கள் வீட்டைக் காலி செய்கிறவரை அவர் வரவில்லை. நாங்களே ஒரு சாக்கைச் சுருட்டிக் கதவடியில் வைத்துக்கொண்டோம். அந்த விளையாட்டுக்குப் பிறகு கேட்கிற உரிமை தனக்கில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அந்த ஊரில் இருந்தவரை என் மனைவி அதைப்பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் கேட்கவிடவில்லை.